திருவேட்டக்குடியில் ஓர் ஆட்காட்டி

"இந்த வயதில் பறவைப் படம் எடுக்கிற ஆசையா உனக்கு?" என்று சிரித்தார் என் கணவர். ஐம்பத்தாறு வயதில்தான் வந்தது, வந்துவிட்டுப் போகட்டுமே! பிள்ளை வாங்கித் தந்த ஜூம் கேமரா இரண்டு வருஷமாக அலமாரியில் தூங்கிக் கொண்டிருந்தது. சித்திரைக் கடைசியில் காரைக்காலில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் புறப்பட்டபோது அதையும் கையோடு எடுத்துக் கொண்டேன்.

காரைக்காலிலிருந்து பொறையாறு போகும் சாலையில் வரிச்சிக்குடியில் இறங்கி, கடலைப் பார்க்கக் கிழக்கே திரும்பினால் திருவேட்டக்குடி. ஞானசம்பந்தர் பாடிய தலம். அர்ச்சுனனுக்குப் பாசுபதம் அருள சிவபெருமான் வேடனாக வந்தார் என்பது தலக்கதை. வில்லேந்திய வேட வடிவத்தைக் கோயிலில் தரிசிக்கலாம். மாசி மகத்தன்று சுவாமி கடலாட எழுந்தருளுவார். வேடனைக் கும்பிட்டுவிட்டு நானும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பினேன்!

முதல் சோதனை காலை ஆறரை மணிக்கே வந்தது. ராத்திரி முழுக்க ஏ.சி. அறையில் இருந்த கேமராவைக் கடற்காற்றில் எடுத்த மாத்திரத்தில் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. அது தெளிவதற்குள் கழியோரம் நின்ற கொக்கெல்லாம் பறந்து போயிற்று.

சவுக்குத் தோப்பைத் தாண்டி, கிளிஞ்சலும் சரளையுமாகக் கிடந்த பொட்டலில் ஓர் ஆட்காட்டியைப் பார்த்தேன். மஞ்சள் கால், கறுப்புக் கழுத்து, கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு தோல் மடிப்பு. அது எழுந்து பறந்த இடத்தில் லேசான குழி. அதில் நான்கு முட்டைகள். கூடு என்று ஒரு துரும்பு கிடையாது. சரளையோடு சரளையாகக் கிடந்தன.

விடுவேனா? பதினைந்து அடி தள்ளிப் போர்வையை விரித்து உட்கார்ந்துவிட்டேன். பறவை திரும்பி வந்து அடைகாக்கும்போது படம் எடுத்துவிட வேண்டும்! அதுவோ தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தித் தீர்த்தது. மணி எட்டு, எட்டரை, ஒன்பது. வெயில் சுள்ளென்று ஏறியது. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக் கொண்டேன். உப்புப் போட்ட மோர் குடித்தேன். "பொறுமைசாலிக்குத்தான் நல்ல படம்" என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன்.

அப்போது மீன் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு வந்த ஒரு பாட்டி நின்றார்.

"ஏம்மா, வெயிலுக்கு நீ ஈரத்துண்டு போட்டுக்கிட்டே. அந்த முட்டைக்கு யாரு போடுவா?"

சுருக்கென்றது எனக்கு. அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதானே நினைத்திருந்தேன்? கோடையில் ஆட்காட்டி உட்காருவது நிழல் கொடுக்கவும்தான். தண்ணீரில் வயிற்று இறகுகளை நனைத்து வந்து, அந்த ஈரத்தால் முட்டையைக் குளிரவைக்கும். ஆணும் பெண்ணும் முறை வைத்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு வாரம் இப்படிக் காக்கும். முட்டைக்குள் இருக்கும் கரு கொஞ்ச நேரக் குளிரைத் தாங்கும். கடும் வெயிலைத் தாங்காது. பொறுமை என்று நான் நினைத்த ஒரு மணி நேரமும் அவை வெறும் வெயிலில் கிடந்திருக்கின்றன.

போர்வையை வாரிச் சுருட்டிக்கொண்டு, எண்பது அடி தள்ளிக் கரையேற்றியிருந்த ஒரு படகின் மறைவுக்கு ஓடினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பறவை கழிப்பக்கம் போய் வந்தது. நனைந்த வயிற்றோடு முட்டைமேல் உட்கார்ந்தது. படம் எடுத்தேன். கானலில் எல்லாம் நெளிந்து, பறவையா பானையா என்று தெரியாத படம்!

மறுநாள் விடியும்முன்பே படகின் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஏழு மணிக்குள் ஒரே ஒரு நல்ல படம் கிடைத்தது. அத்துடன் எழுந்து வந்துவிட்டேன்.

படம் எடுக்க ஆசைப்படும் சகோதரிகளுக்கு, பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்தால் அரை மணி நேரம் கேமராவைப் பையை விட்டு எடுக்காதீர்கள். லென்ஸில் மணல் பட்டால் துடைக்கக் கூடாது, கீறிவிடும். ரப்பர் ஊதுகுழலால் ஊதித் தள்ளிய பிறகே துணி. கடற்கரையிலிருந்து வந்ததும் கேமராவின் மேற்புறத்தை ஈரம் பிழிந்த துணியால் ஒற்றி, உப்பை எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. கோடையில் ஒன்பது மணிக்கு மேல் வெட்டவெளியில் உட்காராதீர்கள்; தலை சுற்றினால் உடனே நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடியுங்கள். கூட்டை மட்டும் நெருங்கவே வேண்டாம். குளிர்காலத்தில் கோடியக்கரை போனால் ஆயிரக்கணக்கில் பறவைகள். 1967 முதல் சரணாலயமாக இருக்கும் இடம் அது. அங்கேயும் தூர இருந்து பார்த்தால் போதும்.

இரண்டு வாரம் கழித்து நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, மூணு குஞ்சு பொரிச்சு ஓடுதாம். மீன்காரப் பாட்டி சொல்லச் சொன்னாங்க."

"நாலாவது?"

"அது பொரிக்கலையாம். அப்படியே கிடக்குதாம்."

அது என்னாலா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. படத்தைக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்கிறான் பிள்ளை. மாட்டலாம். பார்த்துப் பாராட்டுகிறவர்களிடம் இந்தக் கதையையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.