ரெண்டாவது காரும் 1,080 கிலோமீட்டரும்

பெங்களூரிலிருந்து நாக்பூருக்கு மாற்றல். ஆர்டர் வந்ததும் தங்கமணி கேட்ட முதல் கேள்வி, "வேகன் ஆர் என்ன ஆகும்?" பசங்க ஸ்கூல் பத்தின கவலையெல்லாம் அப்புறம்தான். பதிமூணு வருஷ வண்டி. அவங்க ஓட்டப் பழகினது அதிலதான். புரோக்கர் சொன்ன விலை எண்பதாயிரம். எங்க வங்கி செலவு தர்றது ஒரு காருக்குத்தான்.

"பெரிய வண்டிக்குப் பின்னால கட்டி இழுத்துட்டுப் போங்களேன் அத்திம்பேர்"னு அமெரிக்காவுல இருக்கிற மச்சினன் யோசனை சொன்னான். அங்கே அதுக்குன்னே டிராலி வாடகைக்குக் கிடைக்கும். இங்கே பழுதான வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் இழுக்கலாம். நல்லா ஓடுற வண்டியை என்.எச். 44-ல நாக்பூர் வரை இழுக்க விதியில இடம் இல்லை. இருந்தாலும் பி.காம். புத்தி சும்மா இருக்குமா?

ஐதராபாத் வழியா சுமார் 1,080 கி.மீ. பெரிய வண்டி தனியா போனா லிட்டருக்கு 15. அதாவது 72 லிட்டர், லிட்டர் 105 ரூபாய்னு வெச்சா 7,560. பின்னால டிராலியோட ஒரு டன்னுக்கு மேல தொங்கினா மைலேஜ் 10-க்கு இறங்கும்னு வெச்சுக்குங்க. 108 லிட்டர், 11,340. கூடுதல் 3,780. வேகன் ஆரைத் தனியா ஓட்டினா லிட்டருக்கு 18 வீதம் 60 லிட்டர், 6,300. ஆக, இழுத்தா பெட்ரோல்ல மிச்சம் 2,520 ரூபாய். டோல்லயும் கொஞ்சம் மிஞ்சலாம். அதுக்காக கிளட்சையும் பிரேக்கையும் காவு கொடுக்கணும். டிராலி வாடகை தனி. கேரியர் லாரிக்காரர் கேட்டது 14,000.

உண்மையான செலவு பெட்ரோலே இல்லை. வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டி இருந்தா மறுபதிவு. இங்கே என்.ஓ.சி. வாங்கி, அங்கே வண்டி வயசுக்கேத்த வரி கட்டி, அப்புறம் கர்நாடகாவுல கட்டின வரியில பாக்கியைத் திருப்பிக் கேட்டு அலையணும். 2021-ல வந்த பி.எச். சீரீஸ் எங்களை மாதிரி ஊர் சுத்தறவங்களுக்காகத்தான். இந்த வண்டி வாங்கினப்போ அது ஏது?

இத்தனையும் எக்செல்ல காட்டினேன். "வித்துடலாம்"னு சொல்ல வாயெடுத்தேன்.

"நான் ஓட்டிட்டு வர்றேன்"னாங்க. சிட்டிக்கு வெளியில அதுவரைக்கும் ஓட்டினதே இல்லை!

ஐதராபாத்துல ஒரு ராத்திரி தங்கல். வழி முழுக்க 80-ஐத் தாண்டலை. நாக்பூர் வந்து பில்லெல்லாம் கூட்டிப் பார்த்தா, வேகன் ஆர் லிட்டருக்கு 20. பெரிய வண்டி 14.

அதை ஓட்டினது நான் :)