எப்போது முடிப்பாய் என்று கேட்காதீர்கள்



பிஎச்.டி. என்றால் நாலு வருஷத்தில் தடியாக ஒரு புத்தகம் எழுதிக் கொடுப்பது என்றுதான் நம் ஊரில் பலரும் நினைக்கிறோம். என்னிடம் படித்த பெண் ஒருத்தி சென்னையில் அந்த நாலாவது வருஷத்தில் இருக்கிறாள். போன வாரம் நெய்க்காரப்பட்டி வந்தவளிடம், "என்னம்மா ஆராய்ச்சி?" என்றேன். இரண்டு மணி நேரம் பேசினாள். என் காபி ஆறிப்போனது.

கணக்குப் படித்தவள், இப்போது உயிரியலில். அடிப்படை தெரியவில்லை என்று இளங்கலை மாணவர்களோடு வகுப்பில் உட்கார்ந்து செல் பாடம் கேட்டாளாம். அவளை இழுத்தது ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு: சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். அதற்கு 302 நரம்பு செல்கள் (ஆண் புழுவுக்குக் கூடுதல்). புழுவை மெல்லிய சீவல்களாக வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, எந்த செல் எதோடு இணைகிறது என்ற வரைபடத்தை சிட்னி பிரென்னர் குழுவினர் 1986-ல் வெளியிட்டார்கள். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் சிதப்ரா சின்ஹா போன்றோர் அந்த வலையை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இவள் பார்ப்பது ஈஸ்ட். பேக்கரி ரொட்டியை உப்ப வைக்கிறதே, அதேதான். அதன் புரதங்களில் பல, ஒன்றோடொன்று ஒட்டி வேலை செய்கின்றன. நிறைய இணைப்புள்ள புரதத்தை நீக்கினால் ஈஸ்ட் சாகும் வாய்ப்பு அதிகம் என்று பராபாசி குழுவினர் 2001-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

"ஏம்மா அப்படி?"

"நம்ம ஸ்டாப்பை மூடினா நமக்குத்தான் சார் கஷ்டம். பழனி பஸ் ஸ்டாண்டை மூடினா சுத்துப்பட்டு ஊரெல்லாம் நிக்கும்."

எனக்கு அதோடு திருப்தி. அவளுக்கு இல்லை. பலரும் விரும்பி ஆராய்ந்த புரதத்துக்குத்தான் இணைப்புகளும் அதிகம் பதிவாகியிருக்கும். அப்படியானால் அது நிஜமாகவே பஸ் ஸ்டாண்டா, இல்லை நாம் அடிக்கடி போய்ப் பார்த்த ஊரா? இந்தச் சந்தேகம் வேறு சிலருக்கும் வந்திருக்கிறது. இவள் அதிலேயே இரண்டு வருஷமாக இருக்கிறாள்.

அவள் அப்பா வெல்லம் காய்ச்சுகிறவர். "ரெண்டு வருஷம் வீணாப் போச்சா சார்?" என்று தனியாகக் கேட்டார். பாகு பதம் வராமல் கொப்பரையை இறக்குவீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

சொந்தக்காரர்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கக் கேட்க, பிள்ளை ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். பொங்கலுக்கு வருகிறாள். ஈஸ்ட் என்ன ஆச்சு என்று கேளுங்கள். கேட்க நேரத்தோடு போங்கள்.