காணாமல் போன இரண்டு மாதங்கள்



நிலாம் வாசிப்புத் திட்டத்திற்காக என் வகுப்பு மாணவர்கள் வாசிக்கும் நூல்களை எக்செலில் பதிந்து வருகிறேன். தேதி, மாணவர் பெயர், நூல்களின் எண்ணிக்கை என மூன்றே பத்திகள். மாதந்தோறும் முந்தைய தொகையோடு புதிய தொகையைக் கூட்டிக்கொண்டே செல்லும் திரள் தொகையைப் பைவட் அட்டவணை நொடியில் தந்துவிடும். அதனை வரைபடமாகவும் காட்டும். எனக்கு அதில் சற்றுப் பெருமையும் இருந்தது.

2024/2025 கல்வித் தவணையின்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் என்னைக் காண வந்திருந்தார். அவனுடைய வரைபடத்தைக் காட்டினேன். 4, 9, 13, 17, 21 எனக் கோடு சீராக ஏறியிருந்தது. “தொய்வில்லாமல் வாசிக்கிறான் அம்மா” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இல்லையே டீச்சர். மே மாசக் கடைசியில தாத்தா தவறிட்டாரு. அவருக்குத்தான் தினமும் வாசிச்சுக் காட்டுவான். அப்புறம் ரெண்டு மாசம் புத்தகத்தையே தொடலையே” என்றார்.

நான் திரையை மீண்டும் பார்த்தேன். மார்ச், ஏப்ரல், மே. அடுத்து ஆகஸ்டு, செப்டம்பர். ஜூனும் ஜூலையும் அங்கு இல்லவே இல்லை! பதிவே இல்லாத மாதங்களைப் பைவட் அட்டவணை தானாகக் காட்டுவதில்லை. மே மாதத்தின் 13-க்குப் பக்கத்திலேயே ஆகஸ்டின் 17-ஐ வைத்துக் கோடு இழுத்துவிட்டது. திரள் தொகை ஒருபோதும் இறங்காது என்பதால், நின்றுபோன பிள்ளையும் நடப்பவனைப் போலவே தெரிவான். நாள்தோறும் என் கண்முன் அமர்ந்திருந்த மாணவனைக் கவனிக்காமல் கோட்டைக் கவனித்திருக்கிறேன்.

அன்றிரவே கணக்கை மாற்றினேன். தனித்தாளில் 2024 மார்ச் முதல் 2025 ஜனவரி வரை ஒவ்வொரு மாதத்தின் இறுதித் தேதியையும் நானே வரிசையாக எழுதினேன். அதற்கு எதிரே ‘சம்இஃப்ஸ்’ கட்டளையை இட்டேன். பெயர் அம்மாணவனுடையதாகவும் தேதி அம்மாத இறுதிக்குள்ளும் இருந்தால் மட்டுமே அது கூட்டும். ஜூனிலும் ஜூலையிலும் அதே 13 நின்றது. கோடு இரண்டு மாதம் படுத்துக் கிடந்தது.

இம்முறையில் இன்னொரு தொல்லையும் ஒழிந்தது. அந்தத் தவணை மார்ச்சில் தொடங்கி அடுத்த ஆண்டு ஜனவரியில் முடிந்ததல்லவா? ஆண்டைச் சேர்க்காமல் மாதத்தால் மட்டும் தொகுத்தால், கடைசியாக வரவேண்டிய ஜனவரி முதலில் வந்து மொத்தக் கணக்கையும் குழப்பிவிடும்.

தேதிகளை உள்ளிடும்போதும் கவனம் தேவை. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் நாம் தட்டச்சு செய்யும் 3/5 என்பது மே 3 ஆகாமல் மார்ச் 5 ஆகிவிடும். 25/5 என்றால் இருபத்தைந்தாம் மாதம் இல்லாததால், அது தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நின்று கூட்டலில் விடுபடும். எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது.

இப்போது தாளின் ஓரத்தில் குறிப்புக்கென ஒரு பத்தி வைத்திருக்கிறேன். தொகை நகராத மாதத்தைக் கண்டால் வீட்டாரிடம் கேட்டுக் காரணத்தை எழுதிவிடுவேன். அந்த மாணவனின் ஜூன் மாதத்திற்கு எதிரேதான் முதற்குறிப்பை எழுதினேன். மறுநாள் முதல் இடைவேளையின்போது ஒரு பக்கமாவது எனக்கு வாசித்துக் காட்டுமாறு அவனிடம் கேட்டுக்கொண்டேன்.