சம்பூர் வளவில் ஒரு தேன்சிட்டு

கிண்ணியாத் துறையைப் பாதையில் கடந்த காலம் 2009இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. இப்போது திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாகச் சம்பூருக்கு நேரே போகலாம்.

2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் பலருக்கு 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் காணிகள் திரும்பக் கிடைத்தன. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பிள்ளைகளோடு தனியாகத் திரும்பி வந்தபோது வளவில் கிணறும் பற்றையும்தான் மிச்சம். வீடு கட்ட முன்னரே வேலியோரம் செவ்வரத்தைத் தடிகளை ஊன்றினார். வாழையும் முருங்கையும் வைத்தார். குளித்த தண்ணீரையே அவற்றுக்கு விட்டார்.

அண்மையில் போனபோது உடுப்புக் காயப்போடும் கொடியில் தேன்சிட்டுக் கூடொன்று தொங்கியது. நாரையும் சருகையும் சிலந்தி வலையால் பிணைத்துப் பெரும்பாலும் பெண் குருவிதான் அதைக் கட்டும். அடைகாப்பதும் அதுவே. குஞ்சுக்கு இரை கொடுக்க ஆண் குருவியும் வரும்.

"தனிய நிண்டு கட்டினது, தங்கச்சி. குஞ்சு பறக்கும்வரை உடுப்பை வேலியிலதான் போடுறன்" என்றார் அக்கா.

அமெரிக்க நாடுகளில் ரீங்காரச்சிட்டு என்ற சின்னஞ்சிறு பறவைக்குப் போத்தலில் சீனித்தண்ணீர் தொங்கவிடுவார்கள். அப்பறவை நம் நாட்டில் இல்லை. நமது தேன்சிட்டுக்குச் சீனிச் செலவும் வேண்டாம். செவ்வரத்தையும் வாழைப்பூவும் முருங்கைப்பூவும் போதும். குஞ்சுகளுக்குப் பூச்சியும் சிலந்தியும் தேவை என்பதால் மருந்து அடிக்காமல் விடுங்கள்.

சகோதரிகளே, மாரி தொடங்கும்போது ஒரு செவ்வரத்தைத் தடியை ஊன்றிப் பாருங்கள். அயல் வீட்டில் கேட்டாலே தருவார்கள்.