நேர் கிழக்கே ஒரு தீவு

உலகப் படத்தில் தொலைவுகளை அளந்து பார்ப்பதில் எனக்கு இளமை முதலே விருப்பம் உண்டு. எங்கள் ஊராகிய மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நேர் கிழக்கே விரலை நகர்த்தினால், அது வங்கக் கடலைத் தாண்டி அந்தமானின் தலைநகரில் சென்று நிற்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சக் கோட்டில் உள்ளன. போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயரிடப்பட்டது.

சென்னையிலிருந்து அந்நகர் ஏறத்தாழ 1,370 கி.மீ. வான்வழித் தொலைவில் உள்ளது. கப்பலில் செல்வோர்க்கு ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். விமானத்தில் செல்வோர்க்கு இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகும். கதிரவனோ அங்குத் தோன்றிய ஐம்பது நிமிடங்களில் எங்கள் ஊரிலும் தோன்றிவிடுகிறான். ஆகவே, தொலைவைக் காலத்தால் அளப்பதே தக்கது எனக் கருதுகிறேன்.

இவ்வுண்மையை எங்கள் கடலூர் மாவட்டம் கடுந்துயரால் உணர்ந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கிற்று. எழுந்த ஆழிப்பேரலை முதலில் அத்தீவுகளைத் தாக்கியது. நடுக்கம் நேர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் எங்கள் கரையையும் தாக்கியது. விலகிச் செல்லக் காலம் இருந்தது, செய்திதான் வரவில்லை.

2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. அதன் செய்தி கேட்டவுடன் மேட்டு நிலம் சேர்வது, மாணவர்களே, நம் கடமையாகும்.