ஒன்பது வோல்ட்டும் ஒரு வட்ட டப்பாவும்

மைக் ஸ்டாண்டின் அடிப்பாகத்தைப் பார்த்திருப்பீர்கள். கனமாக, வட்டமாக, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். 1966-ல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டர் என்பவருக்கு அதைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. அதே வடிவத்தில் ஒரு டப்பா, கண்கள் மாதிரி இரண்டு திருகுகள், காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். பெயர் ஃபஸ் ஃபேஸ். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையில் மிதித்தது இந்த முகத்தைத்தான்!

வீட்டிலேயே கிட்டார் பெடல் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பலபேர் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். பொருட்கள் கொஞ்சம் என்பதுதான் காரணம். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு பாட். மொத்தம் பதினொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் சால்டரிங் முடிந்துவிடும். ஆனால் பல பெடல்கள் அன்று சாயங்காலமே ஊமையாகிவிடுகின்றன, அல்லது தவளை மாதிரி கத்துகின்றன. ஏன்?

முதல் வில்லன் டிரான்சிஸ்டர். ஆரம்பகால ஃபஸ் ஃபேஸில் இருந்தது என்கேடி 275 என்ற ஜெர்மானியம் ரகம். பிறகு பிசி 108 போன்ற சிலிக்கான் ரகங்கள் வந்தன. சிலிக்கான் மலிவு, ஒன்றைப்போல் ஒன்று இருக்கும், வெயிலுக்கும் அசராது. ஆனால் சத்தம் கொஞ்சம் கூர்மை. ஜெர்மானியத்தின் ஒலி மெத்தென்று இருக்கும் என்பதற்காகவே இன்றும் பழைய சரக்கைத் தேடித் தேடி, விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கிய பத்தில் எத்தனை தேறும் என்பது லாட்டரிதான்.

இங்கே மல்டிமீட்டர் ஒரு பொய் சொல்லும். டிரான்சிஸ்டரைச் செருகினால் கெயின் 120 என்று காட்டும், ஆசாமிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஜெர்மானியத்தில் பேஸுக்கு ஒன்றும் கொடுக்காமலே கொஞ்சம் கரண்ட் கசிந்துகொண்டிருக்கும். மீட்டர் அந்தக் கசிவையும் கெயின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. (வராக்கடனையும் சொத்தில் சேர்த்து எழுதிய பேலன்ஸ் ஷீட் மாதிரி!) கசிவைக் கழித்தால் உண்மையான கெயின் 70 கூட இருக்கலாம். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, முதல் டிரான்சிஸ்டருக்கு 70, 80. இரண்டாவதற்கு 110-லிருந்து 130. கசிவு அதிகமானதை விரலால் பிடித்துப் பாருங்கள், உடம்புச் சூட்டிலேயே மீட்டரில் எண் ஏறும். அதை ஒதுக்கி வைப்பது நல்லது.

இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 9 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 4.5 இருந்தால் ஒலி நன்றாக வரும். பழைய சர்க்யூட்டில் அந்த இடத்தில் இருப்பது 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். கையில் இருக்கும் டிரான்சிஸ்டருக்கு அது பொருந்த வேண்டும் என்று விதி இல்லை. அதை எடுத்துவிட்டு 20 கிலோ ஓம் பிரீசெட் ஒன்றை வைத்து, மீட்டரைப் பார்த்துத் திருப்பினால் வேலை முடிந்தது. புராதன மதிப்பையே பிடித்துக்கொண்டு மோசமாக ஒலிக்கும் பெடலை வைத்திருப்பதில் என்ன பெருமை?

சரி, இப்போது கரண்ட் விஷயம். காசு உண்மையில் எரிவது இங்கேதான்.

ஜெர்மானியம் ஃபஸ் ஃபேஸ் பிஎன்பி ரகம். இதில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்ட். மற்ற பெடல்களில் பெரும்பாலும் நெகட்டிவ் கிரவுண்ட். தனி பேட்டரி போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் ஒரே அடாப்டரிலிருந்து ஐந்து பெடலுக்கு வரிசையாக ஒயர் இழுத்திருக்கும் இடத்தில் இதையும் செருகினால்? கிட்டார் கேபிளின் வெளி உறை எல்லா பெடல்களின் கிரவுண்டையும் ஒன்றாக இணைக்கிறது. இந்தப் பக்கம் கிரவுண்ட் பாசிட்டிவ், அந்தப் பக்கம் நெகட்டிவ். அடாப்டர் நேராக ஷார்ட். நண்பனிடம் இரவல் வாங்கிய அடாப்டராக இருந்தால் நட்பும் சேர்ந்து ஷார்ட்.

இதற்கு மேக்ஸ் 1044 என்ற எட்டுக்கால் ஐசி ஒரு வழி. 9 வோல்ட்டை வாங்கி மைனஸ் 9 வோல்ட்டாகக் கொடுக்கும். அதன் முதல் காலை எட்டாவது காலோடு இணைக்க மறந்தால், உள்ளே ஓடும் துடிப்பு காதுக்குக் கேட்கும் அளவில் இருந்து, பாட்டோடு சேர்ந்து கீச்சென்று விசிலடிக்கும். இணைத்துவிட்டால் துடிப்பு வேகமாகி நம் காதுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். இன்னொன்று, இது 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மலிவான, ரெகுலேட்டர் இல்லாத அடாப்டர்களில் '9 வோல்ட்' என்று எழுதியிருந்தாலும் பாரமில்லாதபோது 12-க்கு மேலேகூட காட்டும். செருகுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்க்காதவர்களுக்கு ஒரு ஐசி நஷ்டம்.

அதே அடாப்டர்களிடம் இன்னொரு வியாதி, 'ம்ம்ம்' என்ற முனகல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேராக்கும்போது மிஞ்சுகிற 100 ஹெர்ட்ஸ் அது. வரும் வழியில் 100 ஓம் ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வைத்தால் அந்த முனகல் ஆறில் ஒரு பங்காகிவிடும். பெடல் இழுப்பதே ஒரு மில்லி ஆம்பியருக்குக் கீழே என்பதால், அந்த 100 ஓமில் 0.1 வோல்ட்கூட இழப்பு இல்லை. கெபாசிட்டர் 25 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள். சில பைசாதான் வித்தியாசம். அதன் ப்ளஸ், மைனஸ் திசையை பிஎன்பி சர்க்யூட்டில் தலைகீழாக யோசிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இத்தனை பாடும் வேண்டாம் என்றுதான் பலர் பேட்டரியோடு நின்றுவிடுகிறார்கள். பழைய ஃபஸ் ஃபேஸில் அடாப்டர் செருகும் துளையே கிடையாது. எரிக் ஜான்சன் என்ற அமெரிக்கக் கிட்டார்காரருக்கு எந்தப் பிராண்டு பேட்டரி என்பதுகூட காதில் தெரியும் என்று ஒரு பிரபலமான கதை உண்டு. அந்த அளவு காது எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். 500 மில்லி ஆம்பியர் மணி உள்ள பேட்டரி இந்த சர்க்யூட்டை மட்டும் 500 மணி நேரத்துக்கு மேல் ஓட்டும். அழகுக்கு ஒரு சிவப்பு எல்இடியை 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு வைத்தால் அது மட்டுமே 7 மில்லி ஆம்பியர் குடிக்கும். விளக்கு எரிய எரிய, பேட்டரிக்கு ஆயுள் அறுபத்துச் சொச்சம் மணி நேரம்தான். வாத்தியத்தைவிட விளக்குக்கு அதிகச் செலவு! 4.7 கிலோ ஓம் போட்டால் 1.5-ல் அடங்கும், வெளிச்சமும் போதும்.

இன்னொன்று, இந்தப் பெடலுக்கு ஆன், ஆஃப் சுவிட்ச் தனியாக இல்லை. காலில் மிதிப்பது ஒலியை மாற்ற மட்டும். கிட்டார் ஒயரைச் செருகும்போது இன்புட் ஜாக்தான் பேட்டரியை இணைக்கிறது. வாசித்து முடித்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறவர் அந்த ஒயரைப் பிடுங்கினாரா என்று ஒருதடவை திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.