வீட்டின் விலையும் பெண்ணின் பங்கும்

கிணறு தென்மேற்கு மூலையில் இருக்கிறதாம். ஆகவே விலை இறங்குமாம்! வாயில் தெற்கு நோக்கி இருக்கிறதாம்; ஆகவே இன்னும் சற்று இறங்குமாம்! சென்னை தியாகராய நகரில், சந்து ஒன்றின் நடுவே, அரைக் கிரவுண்டு நிலத்தில், அதாவது 1,200 சதுர அடியில் நிற்கும் நம் பாட்டனாரின் சிறு வீட்டுக்கு மதிப்புப் போட வந்த தரகர் இப்படித்தான் கணக்கைத் தொடங்கினார். அவர் கையிலே அளவு நாடா இல்லை, திசைகாட்டி இருந்தது!

தெற்கு எமனுடைய திசை என்றார். பொதிகையின் காற்றை நுகர்ந்து, பொருநைக் கரையிலே வளர்ந்த நமக்குத் தெற்கென்றால் தென்றல். தென்றல் வரும் திசையை எமன் வரும் திசையாக்கிய அறிவாளி எவனோ, அவனுக்குச் சன்னல் இல்லாத வீடுதான் வாய்த்திருக்க வேண்டும். போகட்டும். “ஐயா, இந்த வீட்டை வாங்குகிறவர் என்ன செய்வார்?” என்று கேட்டோம். “இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவார்” என்றார். இடிக்கப்போகிற வாயிலுக்கு எமன் ஏது? தூர்க்கப்போகிற கிணற்றுக்கு மூலை ஏது? விற்பவனிடம் வாஸ்து சொல்லி விலையைக் குறைப்பது, வாங்குபவனிடம் சதுர அடி சொல்லி விலையை ஏற்றுவது! சாத்திரம் யாருக்கு வருவாய் தருகிறது என்பதைப் பனகல் பூங்காவுக்கு அருகே பட்டப்பகலில் கண்டோம்.

ஆழ்வார்திருநகரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும் நாம், செந்தூர் விரைவு வண்டியேறி எழும்பூரில் இறங்கி, இந்த வழக்கில் ஏன் நுழைந்தோம்? பெரியப்பா கடிதம் எழுதியிருந்தார்: “வீடு பழையதாகிவிட்டது, விற்றுவிடலாம், படித்த பிள்ளை நீ வந்து மதிப்பைப் பார்த்துச் சொல், உன் அத்தையிடம் ஒரு கையெழுத்தும் வாங்கி வா.” கடிதத்தின் முற்பகுதி நம்மைச் சென்னைக்கு அழைத்தது. பிற்பகுதிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

முதலில் இடத்தைச் சொல்லவேண்டும். இன்று செல்வர் வாழும் பகுதி, தங்கமும் பட்டும் மலையாய்க் குவிந்த கடைவீதி என்று பெயர்பெற்ற தியாகராய நகர், நூறாண்டுக்கு முன் ஏரி. நுங்கம்பாக்கம் தொட்டுச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த ஏரியின் ஒரு பகுதியை 1923ஆம் ஆண்டையொட்டி வற்றச் செய்து நகரமைத்தவர்கள் நீதிக்கட்சியார். நகருக்குச் சர் பிட்டி தியாகராயர் பெயர். பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். சாலைக்கு உசுமான் பெயர். இன்னொரு பூங்காவுக்கு டாக்டர் நடேசனார் பெயர். பாண்டி பசார் என்று பலரும் அழைக்கும் கடைவீதிக்குச் சௌந்தரபாண்டியனார் பெயர். தெருப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஓர் இயக்கத்தின் வரலாற்றைப் பாதி படித்துவிடலாம். ஆனால் பலகையை யார் பார்க்கிறார்கள்? ரங்கநாதன் தெரு நெரிசலில் கால் வைக்க இடம் தேடவே கண் போதவில்லை!

ஏரி போயிற்று, ஏரியின் நினைவு போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை என்ற பெயர் இன்றும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது தாழ்ந்த தெருக்களுக்குள் தண்ணீர் பழைய உரிமையோடு நுழைந்தது. நம் பாட்டனார் வீட்டில் முழங்கால் அளவு. ஏன் இந்த வீட்டுக்கு மட்டும் அவ்வளவு? 1958இல் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போகவேண்டும் என்று பெரியப்பா சொல்வார். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரை ஊற்றி ஊற்றிச் சாலை வளர்ந்தது. இன்று ஒரு படி இறங்கித்தான் உள்ளே போகவேண்டும். பழைய வீட்டுக்கு விலை கேட்பவன் முதலில் பார்க்கவேண்டிய மூலை இதுதான். தென்மேற்கும் வடகிழக்கும் பிறகு!

பொறியாளர் ஒருவர் வந்தார். அவர் திசைகாட்டி கொண்டுவரவில்லை, நன்றி. சுவரைத் தட்டிப் பார்த்தார். மேலே மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசியது. சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. “அறுபது ஆண்டைத் தாண்டிய கட்டடம், மதிப்பு ஏதுமில்லை, நிலத்துக்கு மட்டுமே விலை” என்று எழுதிக்கொண்டார். மதிப்பீட்டு முறையும் அப்படித்தான்: நிலத்தின் சந்தை விலை, அதனுடன் கட்டடத்தின் தேய்மானம் போக எஞ்சிய விலை; ஆண்டுகள் ஏற ஏற இரண்டாவது எண் தேய்ந்து மறைகிறது. சரி என்றோம். அடுத்த நாள் இடிப்பு வேலைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, உத்தரங்களையும் நிலைக்கதவுகளையும் தமக்கே கொடுத்துவிடவேண்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். மதிப்பே இல்லாத பொருளுக்குத்தான் எத்தனை மவுசு!

நிலத்தின் விலையும் நிலத்தைப் பொறுத்தது மட்டுமன்று. அதன்மேல் எவ்வளவு கட்டலாம் என்பதைப் பொறுத்தது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உயரம் குறைந்த கட்டடங்களுக்குப் பொதுவாக நிலப்பரப்பைப் போல் இரு மடங்கு தளப்பரப்பு கட்டலாம். 1,200 என்பது 2,400 ஆகும். ஆனால் நான்கு பக்கமும் விடவேண்டிய இடத்தையும் சந்தின் அகலத்தையும் பார்த்தால், சிறு மனையில் அந்த இரு மடங்கை எட்டுவதே திண்டாட்டம். ஆகவேதான் பெரிய நிறுவனங்கள் சிறு மனையைத் தனியே விரும்புவதில்லை. பக்கத்து மனையோடு சேர்த்தே கேட்கின்றன. அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று, ஊரார் சொல்லும் விலை ஒன்று, கைக்கு வரும் விலை மற்றொன்று. வாங்குபவர் முத்திரைத்தீர்வைக்கு நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணத்துக்கு நூற்றுக்கு 2 கட்டவேண்டும். அந்த ஒன்பதையும் மனத்தில் வைத்தே அவர் பேரம் பேசுவார்.

இத்தனையும் எழுதி முடித்தோம். பெரியப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு தாளைப் பார்த்தார். கடைசி வரியில் நாம் மூன்றால் வகுத்திருந்தோம்.

“என்னலே கணக்கு இது? நாங்கள் இரண்டு பேர்தானே?”

இரண்டு பேர்! பெரியப்பா ஒருவர், நம் தந்தையார் ஒருவர். அத்தை? அத்தையை 1984இல் ஆழ்வார்திருநகரியிலேயே கட்டிக்கொடுத்தாயிற்றாம், நகை போட்டாயிற்றாம், சீர் செய்தாயிற்றாம். இனி அவர் செய்யவேண்டியது விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து. அதற்கு ஈடாக ஒரு பட்டுப்புடவையும் மஞ்சள் குங்குமப் பணமும். குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தீர்வை குறைவு என்று தரகர் வேறு ஓதியிருந்தார். “விடுதலை”! எவ்வளவு இனிய சொல்! பெண்ணைச் சொத்திலிருந்து விடுவிப்பதற்கு நம் நாட்டார் கண்டுபிடித்த பெயரைப் பாரீர்!

பெரியப்பா கெட்டவர் அல்லர். தந்தையை இழந்த தங்கைக்குக் கடன் வாங்கித் திருமணம் செய்தவர்; அந்தக் கடனை அடைக்க ஏழாண்டு இரவுப் பணி பார்த்தவர். வழக்கம் என்னும் திரை அவர் கண்ணில். சட்டம் தம் பக்கம் என்றும் நம்பினார். “1989ஆம் ஆண்டுச் சட்டம்தான் பெண்ணுக்குப் பங்கு தந்தது, அதற்கு முன் மணமானவளுக்குக் கிடையாது” என்றார். பாதி உண்மை எத்தனை வீடுகளைச் சூறையாடியிருக்கிறது! 1989இல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த திருத்தம் பரம்பரைக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. அதற்கு முன் மணமானோரை அது விலக்கியதும் உண்மை. இந்த வீடோ பாட்டனார் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக் கோத்துத் தேடிய தேட்டம். அவர் 1979இல் உயில் எழுதாமல் மறைந்தார். தந்தை தாமே தேடிய சொத்தில் மனைவி, மகன், மகள் மூவகையினருக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. அன்று நான்கு பங்கு. 1996இல் ஆச்சி மறைந்ததும் அவர் பங்கு மூன்று மக்களுக்கும் சமமாய்ப் போக, ஆளுக்கு மூன்றில் ஒன்று. அத்தை மணமானவரா, ஆகாதவரா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

பின் ஏன் இத்தனை ஆண்டு அத்தை கேட்கவில்லை என்பீர்கள். அதே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் 23ஆம் பிரிவென்று ஒன்று ஒளிந்திருந்தது. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில் ஆண்மக்கள் தாமாகப் பிரித்துக்கொள்ள முடிவுசெய்யும் வரை பெண் பாகம் கேட்கக்கூடாது என்றது அது. பங்கு உண்டு, கேட்கும் வாய் இல்லை! பெரிய பங்களாவும் தோட்டமும் உள்ளவர் வீட்டுப் பெண்ணுக்கு வேறு சொத்தாவது இருக்கும். ஒரே ஒரு சிறு வீடு உள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு அந்தப் பிரிவு முழுக்கதவையும் சாத்தியது. 2005 செப்டம்பரில்தான் அது நீக்கப்பட்டது. 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டார்கள். அதற்கும் இந்தக் கதவு திறந்ததற்கும் இடையே எழுபத்தாறு ஆண்டு. ஒரு பெண் பிறந்து, மணந்து, மூத்து, மறைய அது போதும்.

பெரியப்பாவிடம் சட்டத்தைச் சொன்னோம்; அவர் முகம் இறுகிற்று. அதன் பிறகு ஆச்சியின் பாம்படத்தைப் பற்றிக் கேட்டோம். நெல்லைச் சீமை மூதாட்டியரின் காதில் தொங்கும் அந்தப் பொன்னணியை அறியாதார் இல்லை. இந்த மனைக்கு முன்பணம் கொடுக்க ஆச்சி தம் பாம்படத்தைக் கழற்றிக் கொடுத்தார். தோள்வரை தொங்கும் வெறுங்காதோடு கடைசிவரை வாழ்ந்தார். மூலப்பத்திரத்தில் பாட்டனார் பெயர் மட்டுமே இருக்கிறது. தரகர் கிணற்றை எண்ணினார். பொறியாளர் உத்தரத்தை எண்ணினார். பாம்படத்தை எண்ணியவர் எவர்? பெரியப்பா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார்.

ஊர் திரும்பி அத்தையிடம் தாளைக் கொடுத்தோம். தேரோடும் வீதிகளுக்கு அப்பால், ஆற்றுப் பக்கமாக இருக்கிறது அவர் வீடு. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்தப் பேய்மழையில் பொருநை கரைமீறியபோது, அத்தை வீட்டின் பின்சுவர் விழுந்தது. தார்ப்பாய் கட்டியிருக்கிறார். மழை வந்தால் அரிசிப் பானையைக் கட்டில்மேல் ஏற்றுகிறார். சுவர் எழுப்பப் பணமில்லாத அவருக்கு, செல்வர் நகரில் 400 சதுர அடி நிலம் சொந்தம்! இதை அவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்; நாம் ஏதோ விளையாடுகிறோம் என்று எண்ணினார்.

கணக்கை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார். பிறகு கேட்டார்: “வீட்ட வித்தா எங்கண்ணன் எங்கய்யா போவாரு?”

நம் தாளில் அதற்கு இடமில்லை. அறுபத்தேழு வயது பெரியப்பா பிறந்ததிலிருந்து அந்த வீட்டைத் தவிர வேறு வீட்டில் வாழ்ந்ததில்லை. விற்ற பணத்தில் மூன்றில் ஒன்றைக் கொண்டு அதே தெருவில் ஓர் அறைகூட அவர் வாங்க முடியாது. செல்வர் நடுவே சிறு வீடு வைத்திருப்பவரின் நிலை இதுதான்: இருக்கும்வரை ஏழை, விற்றால் செல்வர், விற்ற மறுநாள் ஊரை விட்டு வெளியே!

“பட்டுப்புடவைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், அண்ணன வெளியேத்தவும் போட மாட்டேன். எம் பங்குக்கு விலை வச்சு, கொஞ்சங் கொஞ்சமா குடுக்கச் சொல்லு. மொதல்ல இந்தச் சொவத்துக்குக் குடுக்கட்டும்” என்றார் அத்தை. கல்லூரியில் பட்டம் பெற்ற நாம் மூன்று நாள் எழுதிய மதிப்பீட்டில் இந்த வழி இல்லை.

நம் தந்தையார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், பங்கு மூன்று என்பதைத் தாம் ஏற்பதாகத் தம் தமையனாருக்கு எழுதினார். தை வரை தவணை வேண்டுமென்று பெரியப்பா பதில் எழுதியிருக்கிறார். விடுதலைப் பத்திரத்தின் நகல் நம் மேசையில் இருக்கிறது. அத்தையின் பெயருக்கு நேரே கையெழுத்திடும் இடம் வெறுமையாக இருக்கிறது. இந்த ஆண்டு மழைக்கு முன் பின்சுவருக்குச் செங்கல் இறக்க எவ்வளவு ஆகும் என்று நாசரேத்தில் விசாரித்து வந்திருக்கிறோம்.